நாஸ்: வலையில் இணைந்த சேமிப்பகம்

வீட்டில் உள்ள கணினி, கைப்பேசி, தொலைக்காட்சி எல்லாம் ஒரே இடத்தில் கிடக்கும் படங்களையும் கோப்புகளையும் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த இடம் யாரோ ஒரு நிறுவனத்தின் கிளவுடாக இல்லாமல், நம் ரவுட்டருக்குப் பக்கத்திலேயே ஒரு சின்னப் பெட்டியாக இருக்க வேண்டும். இதற்காக விற்கும் கருவிக்குத்தான் ‘நாஸ்’ என்று பெயர். நெட்வொர்க் அட்டாச்டு ஸ்டோரேஜ் என்ற மூன்று சொற்களின் முதலெழுத்துகள் அவை. தமிழ்க் காதில் ‘நாசம்’ போல விழுவது தற்செயல்தான். ஆனால் பெயரைத் தப்பாகப் புரிந்துகொண்டு வாங்கினால் அதுவும் நடக்கும்.

மூன்று சொற்களில் பொருள் நடுவில், இணைந்த என்று பொருள்படும் ‘அட்டாச்டு’ என்ற சொல்லில் இருக்கிறது. யூஎஸ்பி கம்பியில் மாட்டும் வெளி ஹார்டு டிஸ்க் ஒரு கணினியோடு இணைகிறது. அந்தக் கணினியை அணைத்துவிட்டால் வீட்டில் மற்றவர்களுக்கு அது இல்லை. நாஸ் கணினியோடு இணையாமல் நேராக வலையோடு இணைகிறது. அதற்குச் சொந்தமாக ஒரு செயலி, நினைவகம், பெரும்பாலும் லினக்ஸை ஒட்டிய ஓர் இயங்குதளம் எல்லாம் உண்டு. டிஸ்க் வைத்த பெட்டி என்று நினைப்பதைவிட, கோப்பு பரிமாறுவதையே வேலையாகக் கொண்ட ஒரு சிறு கணினி என்று நினைப்பது சரி. விலை ஏன் வெளி டிஸ்க்கைப் போல இரண்டு மூன்று மடங்கு என்பதும் அப்போது புரியும். போதாக்குறைக்குப் பல பெட்டிகள் டிஸ்க் இல்லாமல் வெறுமனேதான் வரும்; அதைத் தனியாக வாங்கிப் போட வேண்டும்.

பெயருக்கு முன்பே பொருள் வந்துவிட்டது. 1980களில் நோவெல் நிறுவனத்தின் நெட்வேர், ஓர் அலுவலகத்தின் கணினிகள் எல்லாம் ஒரே கோப்பு வழங்கியைப் பகிர்ந்துகொள்ள வழிசெய்தது. 1984இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ், வலைவழியே கோப்புகளைப் பகிர்வதற்கான என்எஃப்எஸ் என்ற நெறிமுறையைக் கொண்டுவந்தது. அதே காலத்தில், அதே வேலைக்காக ஐபிஎம்மில் பாரி ஃபைகன்பாம் உருவாக்கிய நெறிமுறைதான் எஸ்எம்பி. இன்றும் விண்டோஸ் கணினி நாஸைத் திறக்கும்போது பேசுவது அதன் வழிவந்த மொழியைத்தான். 1992இல் தொடங்கிய நெட்ஆப், இந்த வேலைக்கென்றே தனிப் பெட்டிகளைச் செய்து விற்றது. வீடுகளுக்கு இது இறங்கிவந்தது 2000த்துக்குப் பிறகு, தைவானின் சினாலஜி, கியூநாப் போன்ற நிறுவனங்கள் வழியாக.

சரி, தமிழில்? நெட்வொர்க்குக்குப் பிணையம், வலையமைப்பு, வலைப்பின்னல் என்று பல சொற்கள் புழக்கத்தில் உள்ளன. இலங்கையில் வலையமைப்பு நன்றாக நிலைத்துவிட்டது. பிணையம் கச்சிதமான சொல்தான். ஆனால் அதற்கு ஈடு, ஜாமீன் என்ற பொருள் ஏற்கெனவே உண்டு. ‘பிணையச் சேமிப்பகம்’ என்று எழுதினால் நகை அடகு வைக்கும் இடம் போலத் தோன்றும். ஸ்டோரேஜுக்குச் சிலர் காப்பகம் என்று எழுதுகிறார்கள். அதுதான் எனக்கு ஒப்பவில்லை. ஆவணக் காப்பகம், குழந்தைகள் காப்பகம் என்று வழங்கும் சொல், உள்ளே இருப்பதைக் காக்கும் பொறுப்பையும் சேர்த்தே சொல்கிறது. நாஸ் அந்தப் பொறுப்பை ஏற்பதில்லை. சேமிப்பகம் என்ற சொல்லில் அந்த வாக்குறுதி இல்லை.

என் தேர்வு ‘வலையிணை சேமிப்பகம்’. இணைந்த, இணைகின்ற, இணையும் என்று முக்காலத்துக்கும் விரியும் வினைத்தொகை என்பதால் நடுவில் ‘ச்’ மிகாது. பேச்சில் நாஸ் என்றே சொல்லிவிட்டுப் போகலாம். கடையில் வலையிணை சேமிப்பகம் கேட்டால் ஒருமாதிரி பார்ப்பார்கள்.

உள்ளே போடும் ஹார்டு டிஸ்க்கின் கதை இன்னும் சுவையானது. டிஸ்க்கின் மூலம் கிரேக்க ‘டிஸ்கோஸ்’, விளையாட்டில் வீசி எறியும் வட்டு. அது லத்தீனில் ‘டிஸ்கஸ்’ ஆனது; அதிலிருந்துதான் ஆங்கிலத்தில் உணவுத் தட்டைக் குறிக்கும் ‘டிஷ்’ஷும், எழுதும் மேசையான ‘டெஸ்க்’கும் பிறந்தன. இப்போது தமிழைப் பாருங்கள். வன்வட்டு என்று ஒரு சாரார், வன்தட்டு என்று இன்னொரு சாரார். வட்டு எறிதல் என்று நாம் சொல்வது டிஸ்கோஸின் நேர்ப்பொருள். தட்டு என்பது டிஷ்ஷின் பொருள். இரண்டும் ஒரே வேரின் இரு கிளைகளைத் தொட்டுவிட்டன, யாரும் திட்டமிடாமலேயே. பழைய புணர்ச்சி விதிப்படி எழுதுவதானால் வன்தொண்டர் வன்றொண்டர் ஆனதுபோல வன்தட்டும் வன்றட்டு ஆக வேண்டும். அந்த வம்பே வன்வட்டில் இல்லை. அதனால் என் வாக்கு அதற்கு.

‘வன்’ எங்கிருந்து வந்தது? 1956இல் ஐபிஎம் முதல் டிஸ்க் கருவியை வெளியிட்டபோது அதை யாரும் ஹார்டு என்று சொல்லவில்லை. ரேமாக் கணினியோடு வந்த அந்தக் கருவியில் 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள் சுழன்றன. மொத்தக் கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரே படம் அதில் அடங்காமல் போகலாம். 1970களில் வளையக்கூடிய ஃபிளாப்பி வந்த பிறகுதான் வளையாத பழையதைப் பிரித்துச் சொல்ல ‘ஹார்டு’ தேவைப்பட்டது. தமிழிலும் நெகிழ்வட்டு, வன்வட்டு என்று அந்த இணை பொருந்தி நின்றது. நெகிழ்வட்டு மறைந்துவிட்டது, ‘வன்’ மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சுழலும் பாகமே இல்லாமல் சில்லுகளில் பதியும் எஸ்எஸ்டியில் தட்டும் இல்லை, வட்டும் இல்லை. ஆனாலும் அதையும் ஹார்டு டிஸ்க் என்றே பலர் கேட்டு வாங்குகிறார்கள்.

டிஸ்க் வாங்கும்போது அட்டையில் சிஎம்ஆர், எஸ்எம்ஆர் என்று பார்க்க வேண்டியிருக்கும். இவை டிஸ்க்கில் பதிவு எழுதும் இரு முறைகள். சிஎம்ஆரில் பதிவுத் தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். எஸ்எம்ஆரின் முதலெழுத்துக்குரிய ‘ஷிங்கிள்’ கூரையில் வேயும் ஓடு. ஓடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி அமர்வதைப் போலத் தடங்களை ஏற்றி எழுதுவதால் குறைந்த இடத்தில் நிறையக் கொள்ளும். ஆனால் ஓர் ஓட்டை மாற்ற அடுத்தவற்றையும் தூக்க வேண்டும். திருத்தி எழுதுவது மெதுவாகும். வெஸ்டர்ன் டிஜிட்டல் நாஸுக்கென்று விற்ற ‘ரெட்’ டிஸ்க்குகள் சிலவற்றில் சொல்லாமலேயே எஸ்எம்ஆர் இருந்தது 2020இல் வெளிவந்து பெரிய சச்சரவானது. அதன்பின் சிஎம்ஆர் வகையை ‘ரெட் பிளஸ்’ என்று தனியாகப் பிரித்தார்கள். நாஸுக்கு வாங்குவதானால் சிஎம்ஆர்தான். இதில் யோசிக்கவே வேண்டாம். அப்புறம், 4 டெராபைட் டிஸ்க் விண்டோஸில் 3.63 என்று காட்டினால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். தயாரிப்பாளர் ஆயிரத்தின் மடங்கில் எண்ணுகிறார், விண்டோஸ் 1024இன் மடங்கில் எண்ணுகிறது.

நாஸோடு ஒட்டிவரும் இன்னொரு சொல் ரெய்டு. வருமான வரிக்காரர்கள் வரும் ரெய்டு இல்லை. 1988இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ரேண்டி காட்ஸ் மூவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரையில், விலை உயர்ந்த ஒரே பெரிய டிஸ்க்குக்குப் பதிலாக மலிவான சிறு டிஸ்க்குகளை அணியாகச் சேர்க்கலாம் என்றார்கள். ரெய்டு (RAID) என்ற சுருக்கத்தில் ‘I’ எழுத்துக்குரிய ‘மலிவான’ (இன்எக்ஸ்பென்சிவ்) என்ற சொல்லைப் பின்னாளில் ‘தனித்தனியான’ (இண்டிபென்டென்ட்) என்று மாற்றிக்கொண்டது வணிகம்; மலிவு என்று சொல்லி அதிக விலைக்கு விற்பது சங்கடம்தானே. தமிழில் ‘வட்டணி’ போதும். ரெய்டு 1 என்றால் இரண்டு வட்டிலும் ஒரே பதிவு: இரண்டு 4 டெராபைட் போட்டால் பயன்படுவது 4. ரெய்டு 5இல் ஒரு வட்டின் அளவு மீட்புத் தகவலுக்குப் போய்விடும்; அதே அளவில் மூன்று போட்டால் பயன்படுவது 8.

இங்கேதான் காப்பகம் என்ற சொல்லின் ஆபத்து. வட்டணி காப்பது ஒரு வட்டு பழுதாவதிலிருந்து மட்டும். கை தவறி அழித்தால் இரண்டிலும் ஒரே நொடியில் அழியும். திருட்டு, தீ, மின்னழுத்த ஏற்றம் எதற்கும் அது பதில் சொல்லாது. 2021 ஏப்ரலில் கியூலாக்கர் என்ற நிரல், இணையத்துக்குத் திறந்து கிடந்த கியூநாப் பெட்டிகளில் புகுந்து, கோப்புகளைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டி, 0.01 பிட்காயின் கேட்டது. பிணையம் என்ற சொல் அப்போது மட்டும் பொருந்தியது, பிணைக்கைதி என்ற பொருளில். பேக்கப்புக்குச் சரியான தமிழ் காப்புநகல். அது வேறொரு டிஸ்க்கில், முடிந்தால் வேறொரு வீட்டில் இருக்க வேண்டும். என்னைக் கேட்டால், கையில் இருக்கும் பணத்துக்கு நான்கு வட்டுப் பெட்டியைவிட இரண்டு வட்டுப் பெட்டியும் தனியாக ஒரு வெளி டிஸ்க்கும் மேல்.

வாங்குவதற்கு முன் இன்னொன்று. ரவுட்டரின் பின்னால் யூஎஸ்பி துளை இருந்து, அதில் மாட்டும் டிஸ்க்கைப் பகிரும் வசதியும் இருந்தால், வீட்டில் சும்மா கிடக்கும் வெளி டிஸ்க்கை அதில் செருகிப் பாருங்கள். வேகம் சுமார்தான், வட்டணி கிடையாது. ஆனால் வலையோடு இணைகிறது, எல்லாருக்கும் கோப்பைத் தருகிறது. பொருள்படி பார்த்தால் அதுவும் வலையிணை சேமிப்பகம்தான்.