ரிமோட் சாவியைப் பிரிக்கும் முன் ஒரு வெள்ளைத் துண்டை விரியுங்கள்

"அண்ணா, சாவி ரிமோட்டுல செல்லு மட்டுந்தான் மாத்துனேன். வண்டி ஸ்டார்ட்டே ஆக மாட்டேங்குது."

கோவையில் கார் எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கும் எனக்கு இது பழகிப்போன பேச்சு. கையில் ஒரு ஃபிளிப் சாவி, அதாவது ரிமோட்டுக்குள் மடங்கும் சாவி, இருக்கும். ஓரத்தில் கத்தி போட்டு நெம்பிய தழும்பு. பட்டனை அழுத்தினால் கதவு திறக்கிறது, டாஷ்போர்டில் மட்டும் சாவிப் படம் போட்ட விளக்கு மினுக்குகிறது. நான் கேட்பது ஒரே கேள்விதான்: "எங்க உக்காந்து பிரிச்சீங்க?" சோபாவில் என்றால் சோபா இடுக்கு. வாசல்படி என்றால் செருப்பு கிடக்கும் இடம். அங்கே போய்ப் புளியங்கொட்டையை விடச் சின்னதாக ஒரு கறுப்புத் துண்டைத் தேடச் சொல்லி அனுப்புவேன். சில சாவிகளில் அது மெல்லிய கண்ணாடிக் குழாயாக இருக்கும்.

அதுதான் டிரான்ஸ்பாண்டர் சிப். அதற்கும் நீங்கள் மாற்றிய செல்லுக்கும் சம்பந்தமே இல்லை. சாவி போடும் துவாரத்தைச் சுற்றி ஒரு கம்பிச்சுருள் (காயில்) இருக்கிறது. பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸில் அது அனுப்பும் அலையிலிருந்தே சிப் தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொண்டு தன் எண்ணைச் சொல்லும். எண் பொருந்தினால்தான் இம்மொபிலைசர் என்ற திருட்டுத் தடுப்பு அமைப்பு எஞ்சினை ஓட விடும். ஆகவே செல் முழுசாகச் செத்தாலும் கதவைச் சாவியால் திறந்து வண்டியை எடுத்துப் போய்விடலாம்; சிப் தொலைந்தால் புது செல் இருந்தும் பயனில்லை. பழைய மாடல் சாவிகள் பலவற்றில் இந்தச் சிப் ஒரு குழியில் சும்மா செருகித்தான் இருக்கும். போர்டிலேயே பற்றவைத்த சாவி என்றால் கவலையில்லை, ஆனால் உங்களுடையது எந்த வகை என்பது பிரித்த பிறகுதானே தெரியும்? அதனால்தான் வெள்ளைத் துண்டு. அதன் மேல் எது விழுந்தாலும் கண்ணில் படும்.

பட்டன் ஸ்டார்ட் வண்டிக்காரர்கள் செல் போனதும் பயந்துபோய் டோ வண்டியைக் கூப்பிடுகிறார்கள். தேவையில்லை. ஸ்மார்ட் கீயின் உள்ளேயே ஓர் இரும்புச் சாவி ஒளிந்திருக்கும், அதை உருவிக் கதவைத் திறங்கள். பிறகு ரிமோட்டையே ஸ்டார்ட் பட்டனை ஒட்டிப் பிடித்துக்கொண்டு அழுத்தினால் பெரும்பாலான வண்டிகள் கிளம்பிவிடும். சிலவற்றில் ரிமோட்டை வைக்க வேறு இடம் இருக்கும், மேனுவலில் போட்டிருப்பார்கள். அந்தப் புத்தகம் கவர் பிரிக்காமல் டேஷ்போர்டு பெட்டியில் தூங்குகிறது என்பது வேறு விஷயம்.

பிரிப்பதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. இரும்புச் சாவியை உருவிய இடத்திலோ ஓரத்திலோ ஒரு சிறு பள்ளம் இருக்கும். தட்டை ஸ்க்ரூடிரைவர் முனையில் இன்சுலேஷன் டேப் சுற்றி அங்கே வைத்து மெல்லத் திருப்புங்கள். வரவில்லை என்றால் பலம் போடாதீர்கள், எங்கேயாவது ஒரு ஸ்க்ரூ ஒளிந்திருக்கும். செல்லைக் கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுங்கள். எழுத்து உள்ள பக்கம்தான் பிளஸ், அது சில சாவிகளில் மேலே பார்க்கும், சிலவற்றில் கீழே. மூடும்போது ரப்பர் வளையம் சரியாக உட்கார்ந்ததா என்று பாருங்கள், இல்லாவிட்டால் அடுத்த மழையில் போர்டு போய்விடும்.

செல்லின் நம்பர் அதன் அளவுதான். சி.ஆர். 2032 என்றால் 20 மி.மீ. விட்டம், 3.2 மி.மீ. தடிமன். 2025 என்றால் 2.5 மி.மீ. தடிமன். "கிட்டத்தட்ட அதேதாங்க" என்று கடைக்காரர் மாற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள். எல்.ஐ.ஆர். என்று தொடங்குவது சார்ஜ் ஏற்றும் ரகம், முழு சார்ஜில் 4.2 வோல்ட் வரை போகும். 3 வோல்ட் சாவிக்கு அது ஆகாது. இன்னொன்று: செல் மாற்றினால் கோடிங் அழிந்துவிடும் என்று யாராவது காசு கேட்டால் நம்பிவிடாதீர்கள். சாவியின் எண் செல் இல்லாமலும் அழியாத நினைவகத்தில் இருக்கிறது. சில மாடல்களில் மட்டும் ரிமோட்டை மறுபடி வண்டியோடு இணைக்க வேண்டிவரும்.

இங்கே நன்றாக வேலை செய்த ரிமோட் ஊட்டியில் மார்கழிக் காலையில் மக்கர் பண்ணுகிறது என்பார்கள். குளிரில் வலுவிழந்த செல் படுத்துவிடும். மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

இதையெல்லாம் விட எனக்குப் பெரிய கவலை கழற்றிப் போட்ட பழைய செல்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வாடிக்கையாளர் ஒருவர், பெரியவர், போன் செய்தார். "தம்பி, பழைய செல்லை டீபாய் மேலதான் வெச்சேன், காணோம். பேத்தி அங்கதான் விளையாடிட்டு இருந்தா." குழந்தைக்கு இரண்டு வயது. தேடிக்கொண்டு இருக்காதீங்க, முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்க என்றேன்.

செத்த செல் என்று நாம் சொல்வது ரிமோட்டுக்குத்தான். அதில் மிச்சமிருக்கும் மின்சாரம் குழந்தையின் உணவுக்குழாயைப் புண்ணாக்கப் போதும். 20 மி.மீ. செல் அங்கே சிக்கினால் எச்சில் ஈரத்தில் மின்சாரம் ஓடி, மைனஸ் பக்கத்தில் காரம் உண்டாகி, சதையை அரிக்கும். செல் கசியாவிட்டாலும் இது நடக்கும். இரண்டு மணி நேரத்தில் பலத்த காயம் ஆகிவிடலாம். குழந்தைக்கு முதலில் ஒன்றும் தெரியாமலும் இருக்கலாம். அல்லது எச்சில் ஒழுகும், சாப்பிட மறுக்கும், இருமும். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. உடனே எக்ஸ்ரே வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விழுங்கியது செல்லாக இருக்கலாம் என்று டாக்டரிடம் சொல்லுங்கள், எக்ஸ்ரேயில் நாணயம் என்று ஏமாறக்கூடும்; உற்றுப் பார்த்தால் ஓரத்தில் இரட்டை வட்டம் தெரியும். ஒரு வயது தாண்டிய, விழுங்க முடிகிற குழந்தை என்றால், போகும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு டீஸ்பூன் தேன், அதிகபட்சம் ஆறு முறை கொடுக்கலாம் என்பது அமெரிக்க விஷமுறிவு மையத்தின் வழிகாட்டுதல். வீட்டில் தேன் இல்லையென்று கடை தேடிப் போகக் கூடாது.

அந்தப் பேத்தியின் எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. செல் மறுநாள் சோபா மெத்தைக்கு அடியில் கிடைத்தது. பெரியவர் அதை ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு, டப்பாவைச் சுற்றி நூல் கட்டி, என் கடைக்கே கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு பக்கமும் டேப் ஒட்டி மின்கழிவுப் பெட்டியில் போட்டேன். மேசை மேல் வெள்ளைத் துண்டுக்குப் பக்கத்தில் அந்த டேப் சுருள் இப்போது எப்போதும் இருக்கிறது.