கேர் பிளானா, பேணல் திட்டமா?

மதுரையில் 'பிளான்' என்றால் வீட்டு பிளான்தான், 'அப்ரூவல் வாங்கியாச்சா?' என்பது அடுத்த கேள்வி. ஆட்டிசம் உள்ள, வளர்ந்த மகனைக் கவனிப்பு இல்லத்தில் சேர்க்க வரும் பெற்றோர், 'கேர் பிளான் எழுதணும்' (மகனை எப்படிக் கவனிக்க வேண்டும் என்ற எழுத்துக் குறிப்பு) என்றதும் விழிப்பது இதனால்தானோ என்னவோ. சொல்லின் வழியும் அதுதான். 'தட்டை' எனும் பொருளுள்ள லத்தீன் 'பிளானுஸ்', பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது கட்டடத்தின் தரைவரைபடம்.

'கேர்' பழைய ஆங்கிலத்தில் துயரம், கவலை. கவனிப்பு என்பது பின்னால் ஏறிய பொருள். கவனிப்பு எனும் பொருளுள்ள லத்தீன் 'குரா'வின் பிள்ளை என்பார்கள், இல்லை.

ஒருவருக்கென்றே எழுதும் கேர் பிளானைத் தமிழில் 'தனிப்பயனாக்கப்பட்ட பராமரிப்புத் திட்டம்' என்று எழுதுகிறார்கள். பராமரிப்பு மோட்டாருக்கும் உண்டு, சாலைக்கும் உண்டு. தனிப்பயனாக்கம், செல்போனில் வால்பேப்பர் மாற்றும் இடத்துச் சொல்.

என் தேர்வு 'அவரவர் பேணல் திட்டம்'. பேணு என்பதற்குக் காத்தலோடு மதித்தல், விரும்புதல் என்ற பொருள்களும் உண்டு. 'தந்தை தாய்ப் பேண்' என்ற ஔவை சோறு போடுவதை மட்டுமா சொன்னார்? 'அவரவர்' என்பதற்கும் துணை இருக்கிறது: மருத்துவன் கருத வேண்டியவற்றைக் குறள் அடுக்கும்போது 'உற்றான் அளவும் பிணியளவும் காலமும்' என்கிறது. ஆட்டிசம் பிணியல்ல, ஆனாலும் ஆளை முதலில் வைத்த அந்த வரிசை நமக்கு வேண்டும்.

திட்டத்தில் என்ன இருக்கும்? இட்லி மேல் சட்னி ஊற்றக் கூடாது, தனிக் கிண்ணம். மல்லிகை வாசம் ஒருவருக்குப் பிடிக்கும், இன்னொருவருக்குத் தலை சுற்றும். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் தெருவெல்லாம் ஸ்பீக்கர் அலறும். காதுமூடியைப் பல நாள் முன்பே கொடுத்துப் பழக்க வேண்டும், தெருப்பக்க அறை ஆகாது. பேச்சு வராதவர் பசியை எப்படிக் காட்டுவார்? தட்டைத் தட்டுவாரா, கையைப் பிடித்து இழுப்பாரா? கையை உதறுவது ஒருவருக்குச் சந்தோஷம், மற்றொருவருக்கு 'போதும்' என்ற சொல். இதை அடம் என்று எழுதிவைத்தால் திட்டமே பாழ்.

எழுதும்போது அவரும் உடனிருக்க வேண்டும், படம் காட்டியாவது கேட்க வேண்டும். திட்டம் எழுதுகையில் உரியவரைச் சேர்த்துக்கொள்வது இங்கிலாந்தில் 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டப்படி கட்டாயம்.

வழக்கில் இப்படி வரும்: "தம்பி, அண்ணனோட பேணல் திட்டத்துல சட்னி தனியான்னு எழுதியிருக்கே, பாக்கலையா?"