குடியைத் தாங்குகிறவன் மூளையில் என்ன நடக்கிறது?

பேராதனையில் இரண்டாம் வருடம் படிக்கும் ஒரு தம்பி எழுதியிருந்தார். லீவுக்கு வட்டவளைப் பக்கம் வீட்டுக்கு வந்தவர், தேர்த் திருவிழாவுக்கு முதல் நாள் கூட்டாளிகளோடு பந்தயம் கட்டி, மதியச் சோறு இறங்காத வயிற்றில் அரைப் போத்தல் சாராயத்தை ஒரு மணித்தியாலத்துக்குள் முடித்திருக்கிறார். அப்புறம் மழையில் லயத்துப் படிகளை விழாமல் ஏறி, அம்மாயியிடம் முழங்கால் வலி எப்படி என்று விசாரித்து, அவர் சுட்டுக் கொடுத்த ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தாராம். காலையில் இதில் ஒன்றுகூட ஞாபகமில்லை. முனி அடித்துவிட்டது என்று கோடாங்கியைக் கூட்டிவந்து கையில் கயிறு கட்டியிருக்கிறார்கள். "நான் மயங்கவே இல்லையே, அப்படியென்றால் ஞாபகம் எங்கே போனது?" என்று கேட்கிறார்.

தம்பி, அது எங்கேயும் போகவில்லை. பதியவே இல்லை.

1970 வாக்கில் அமெரிக்க மருத்துவர் டொனால்ட் குட்வின் இதைக் கண்ணுக்கு முன்னால் நடத்திக் காட்டினார். குடிநோயாளிகள் 10 பேருக்கு நாலு மணித்தியாலத்தில் ஏறக்குறைய அரை லீற்றர் விஸ்கி கொடுத்தார். பிறகு மூடி போட்ட ஒரு தாச்சியைக் கொண்டுவந்து, பசிக்கிறதா என்று கேட்டு மூடியைத் திறந்தார். உள்ளே செத்த எலிகள்! இரண்டு நிமிடம் கழித்து என்ன பார்த்தீர்கள் என்றால் சொல்லிவிட்டார்கள். அரை மணித்தியாலம் கழித்துக் கேட்டபோது சிலருக்குத் தாச்சியே தெரியவில்லை. அடுத்த நாளும் அப்படித்தான். செத்த எலியைக்கூட மறக்க முடியுமா என்று நானும் யோசித்துப் பார்த்தேன். ஆனால் கவனியுங்கள், இரண்டு நிமிட ஞாபகம் வேலை செய்திருக்கிறது. பேச்சைத் தொடர அது போதும். படியேறுவது சின்ன வயதிலேயே பழகிய வேலை, அதற்குப் புது ஞாபகம் தேவையில்லை.

அறுந்தது எது? காதுக்கு உள்பக்கமாக மூளைக்குள் ஹிப்போகாம்பஸ் என்று ஒரு பகுதி, கடற்குதிரை போல வளைந்திருக்கும். அங்குள்ள நியூரோன்களின் மேல் என்எம்டிஏ என்ற நுண்ணிய வாசல்கள் உண்டு. எனக்கு உயிரியலில் இதைவிட அழகான பொருள் இல்லை. வாசலின் நடுவில் ஒரு மக்னீசியம் அயன் தக்கை போல அடைத்துக்கொண்டிருக்கும். பக்கத்து நியூரோன் குளூட்டமேட் என்ற இரசாயனத்தை அனுப்பினால் மட்டும் வாசல் வழிவிடாது. அதே நேரத்தில் இந்த நியூரோனும் வேறு சைகைகளால் ஏற்கெனவே கிளர்ந்திருக்க வேண்டும், அப்போதுதான் தக்கை கழன்று கல்சியம் உள்ளே பாயும். அதாவது இரண்டு விஷயங்கள் ஒன்றாக நடக்கின்றன என்பதைக் கண்டுபிடிக்கிற வாசல் இது. சுடுகிற ரொட்டியின் மணமும் அம்மாயியின் குரலும் ஒரே நேரத்தில் வந்தால் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போடும். உள்ளே போன கல்சியம் அந்த இணைப்பை மணிக்கணக்கில், நாட்கணக்கில் உறுதியாக்கும். இணைப்பு இப்படி வலுப்பெறுவதை 1973இல் முயல்களில் பிளிஸ், லோமோ என்ற இருவர் காட்டினார்கள். 1989இல் லொவிங்கர் குழுவினர், மதுசாரம் இதே வாசலின் வழியே ஓடும் மின்னோட்டத்தைக் குறைக்கிறது என்று காட்டினார்கள். போதாததற்கு, மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற சைகையையும் மதுசாரம் கூட்டிவிடுகிறது. நியூரோன் கிளரவில்லை, தக்கை கழலவில்லை, முடிச்சு விழவில்லை. வெறும் வயிற்றில் வேகமாகக் குடிக்கும்போது இரத்தத்தில் மதுசாரம் சடாரென்று ஏறுவதால் இது நடக்க வாய்ப்பு அதிகம்.

இளவயதில் இன்னொரு சிக்கல். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் சுவார்ட்ஸ்வெல்டர் குழுவினர் இளம் எலிகளுக்கும் வளர்ந்த எலிகளுக்கும் மதுசாரம் கொடுத்துப் பார்த்தார்கள். இளம் எலிகளுக்குத் தூக்கம் குறைவாகவே வந்தது, கற்றதைப் பதிப்பதோ கூடுதலாகக் கெட்டது. மனிதப் பிள்ளைகளுக்குக் குடிக்கக் கொடுத்து இதைச் சோதிக்க முடியாது, சோதிக்கவும் கூடாது. ஆனாலும் நம் பக்கம் "அவன் நல்லா தாங்குவான்" என்று பெருமையாகச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த எலிகள்தான் ஞாபகம் வரும். விழுந்துவிட்டால் குடிப்பது நின்றுவிடும். விழாதவன்தான் இன்னும் ஊற்றுகிறான்.

இது குடிநோயாளிகளுக்கு மட்டும் வருவதும் இல்லை. அதே டியூக்கில் 2002இல் வெளியான ஆய்வில் 772 மாணவர்களிடம் கேட்டார்கள். எப்போதாவது குடித்திருந்தவர்களில் 51 வீதத்தினர் ஒருமுறையாவது இப்படி ஞாபகம் அறுந்ததாகச் சொன்னார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் குடிக்கிறார்கள் என்று மேடைக்கு மேடை பேசுகிறவர்கள், விழிப்புணர்வுப் பதாகைக்குப் போகும் காசில் ஒரு பங்கை இப்படி மரியாதையாக, தமிழில், பெயர் கேட்காமல் விசாரிக்கும் ஓர் ஆய்வுக்குக் கொடுக்கலாம். கோடாங்கிமேல் எனக்குக் கோபமில்லை. முனி என்று சொல்லிவிட்டால் எவ்வளவு குடித்தாய், எவ்வளவு வேகமாகக் குடித்தாய் என்று யாரும் கேட்பதில்லையே, கவலை அதுதான்.

சாயம் தூக்கலாகப் பிளேன்டீ குடித்தால் சரியாகிவிடுமா என்றும் தம்பி கேட்டிருந்தார். ஆகாது. அரைப் போத்தலில் சுமார் 100 கிராம் சுத்த மதுசாரம் இருக்கிறது, ஈரல் மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் எரிக்கும், தேயிலை அந்த வேகத்தைக் கூட்டாது. கண் முழித்திருக்கும், வாசல் மூடியே இருக்கும். குடித்த கூட்டாளி தட்டினாலும் எழும்பவில்லை, அல்லது மூச்சு நிமிடத்துக்கு 8க்கும் குறைவு, அல்லது ஒரு மூச்சுக்கும் அடுத்ததுக்கும் இடையில் 10 செக்கனுக்கு மேல் போகிறது என்றால், வாந்தி தொண்டையில் அடைக்காமல் ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அம்புலன்ஸுக்குக் காசு கட்டத் தேவையில்லை.