உயரத்தில் 100-ஐக் கழித்தால் எடை வருமா?

வாசகர் ஒருவர் கேட்கிறார்: "என் உயரம் 165 செ.மீ. அதில் 100-ஐக் கழி, 65 கிலோ இருந்தால் சரி என்று வெகுநாளாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படியேதான் இருக்கிறேன். ஆனால் செல்போன் செயலி பிஎம்ஐ 23.9, அதிக எடை என்கிறது. எதை நம்புவது?"

கழித்தல் கணக்கு, 19ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு அறுவை மருத்துவர் பால் புரோக்காவின் பெயரில் வழங்குவது. பிஎம்ஐ எனப்படும் உடல் நிறை குறியீட்டெண்ணின் வேர் இன்னும் பழையது. வளர்ந்தவர்களின் எடை உயரத்தின் வர்க்கத்தை ஒட்டி ஏறுகிறது என்று 1830களில் கண்டவர் பெல்ஜிய வானியலாளர் அடோல்ஃப் கெட்லே. கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது பிஎம்ஐ; அது 18.5க்கு மேல், 25க்குள் இருந்தால் இயல்பு. இது தெரிந்த கதைதான்.

ஆனால் ஏன் வர்க்கம்? ஒரு பொம்மையை எல்லாப் பக்கமும் இருமடங்காக்கினால் எடை எட்டு மடங்காகும்; உயரத்தின் மூன்றாம் அடுக்கு அல்லவா வர வேண்டும்? பிறந்த குழந்தை 50 செ.மீ., 3.3 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அச்சு மாறாமல் அதை 170 செ.மீ.க்குப் பெரிதாக்கினால் சுமார் 130 கிலோ! நல்லவேளை, நாம் அப்படி வளர்வதில்லை. கால் நீள்கிறது, தலை பின்தங்குகிறது. பெரியவர்களிலும் நெட்டையர் என்பவர் குட்டையரின் உருப்பெருக்கம் அல்ல. உயரத்தோடு ஒப்பிட்டால் சற்று ஒடுங்கியவர். அதனால் அடுக்கு 3க்குப் போகாமல் 2க்குப் பக்கத்தில் நின்றுவிடுகிறது. இது இயற்பியல் விதியல்ல, அளந்து பார்த்ததில் கிடைத்த பொருத்தம்.

இனி எனக்குப் பிடித்த இடம். உயரம் h மீட்டர் என்றால் புரோக்கா எடை 100h − 100. பிஎம்ஐ 25க்கான எடை 25h². இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழியுங்கள்: 25h² − 100h + 100. அதாவது 25(h − 2)². முழு வர்க்கம்! அது ஒருநாளும் சுழிக்குக் கீழே போகாது. ஆகவே கழித்தல் கணக்கு எந்த உயரத்திலும் பிஎம்ஐ 25ஐத் தாண்டாது. 150 செ.மீ.க்கு 22.2, 180க்கு 24.7, சரியாக 2 மீட்டரில் மட்டும் 25ஐத் தொட்டுவிட்டு விலகிவிடும். முதன்முறை போட்டுப் பார்த்தபோது எங்கோ தப்பு செய்துவிட்டேன் என்று திரும்பவும் போட்டேன். 25 என்ற எல்லை புரோக்காவுக்கு வெகுகாலம் கழித்து வந்தது. வெறும் தற்செயல்தான், ஆனால் என்ன அழகு!

அப்படியானால் செயலி ஏன் மிரட்டுகிறது? ஆசியர்களுக்கு அதே பிஎம்ஐயில் உடல் கொழுப்பு கூடுதல், நீரிழிவு ஆபத்தும் முன்னதாகவே வருகிறது என்பதால், 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 23ஐயே எச்சரிக்கைப் புள்ளியாகச் சுட்டியது. 165 செ.மீ.க்கு அது 62.6 கிலோ. உங்கள் செயலி அந்தக் கோட்டை வைத்திருக்கிறது.

'பிஎம்ஐ' என்ற பெயரைச் சூட்டிய அமெரிக்க உடலியல் ஆய்வாளர் ஆன்செல் கீஸின் 1972 ஆய்வில் சுமார் 7,400 பேர். அத்தனை பேரும் ஆண்கள். பெண்களையும் பல இனத்தவரையும் பொறுமையாக அளக்கும் வேலைக்குப் பளபளப்பு இல்லை, அதனால் பணமும் எளிதில் வருவதில்லை என்பது என் ஆதங்கம். அந்த நிலையில் 'உங்கள் சிறந்த எடை 59.9' என்று தசமப் புள்ளியோடு காட்டுவது ஜோசியம்.

தசையா கொழுப்பா என்று பிஎம்ஐக்குத் தெரியாது. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இந்த எல்லைகள் பொருந்தாது. கேள்வி கேட்டவர் ஒரு டேப்பை எடுத்து வயிற்றைச் சுற்றி அளக்கட்டும். உயரத்தில் பாதி, அதாவது 82.5 செ.மீ.க்குள் இருந்தால் அந்த இரண்டரைக் கிலோவுக்காகத் தூக்கம் கெட வேண்டாம். தாண்டினால் செயலி சொல்வதைக் கொஞ்சம் கேட்கலாம்.