கை முதலில், நாக்கு அப்புறம்

வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்து வாங்குவது நம் ஊர்ப் பழக்கம். 'டப்'பென்று ஒடிந்தால் பிஞ்சு, வளைந்து கொடுத்தால் முற்றல். சென்னையில் எங்கள் தெருவுக்கு வரும் தள்ளுவண்டிக்காரருக்கு இது பிடிக்காது. ஆனாலும் என் மூன்றரை வயது மகளுக்கு மட்டும் நாலு காய் ஒடிக்க அனுமதி உண்டு. ஒடித்த காய்களையும் எடைபோட்டு என் பையில் தள்ளிவிடுவார், அது வேறு விஷயம்.

அதே வெண்டைக்காய் மதியம் பொரியலாகித் தட்டுக்கு வந்தால், ஒற்றை விரலால் ஓரத்துக்குத் தள்ளுவாள். "வழவழன்னு இருக்கு." முடிந்தது கதை.

இதைப் பிடிவாதம் என்று சொல்லிவிடுவது சுலபம். புதிய உணவைக் கண்டு மிரள்வது இரண்டு வயதிலிருந்து ஆறு வயதுவரை உச்சத்தில் இருக்கும். நடக்கப் பழகி, அகப்பட்டதையெல்லாம் வாயில் போடத் துணியும் வயது அது. காடுமேடுகளில் அலைந்த காலத்தில், தெரியாத இலையைத் தின்னாத பிள்ளைதான் பிழைத்திருக்கும் என்பது விஞ்ஞானிகள் தரும் விளக்கம். செடிகளில் உள்ள நச்சுகளில் பல கசக்கும். அதனால்தானோ என்னவோ, இனிப்பை அறிய நாக்கில் ஒரு வகை ஏற்பி (ருசியை உணரும் மூலக்கூறு) பிரதானமாக இருக்க, கசப்புக்கு மட்டும் சுமார் 25 வகை. இவற்றில் ஒன்றின் மரபணு ஆளுக்கு ஆள் மாறுவதால், அப்பாவுக்குச் சாதாரணமாக இருக்கும் முட்டைக்கோஸ் பிள்ளைக்கு நிஜமாகவே கசக்கலாம்.

இந்த மிரட்சி எப்படித் தணியும்? சாப்பிட்டோம், ஒன்றும் ஆகவில்லை என்று மூளை திரும்பத் திரும்பக் கண்டால் தணியும். அமெரிக்க உளவியலாளர் லியான் பிர்ச் 1982-இல் இரண்டு வயதுக் குழந்தைகளுக்குப் பழக்கமில்லாத உணவுகளைக் கொடுத்துப் பார்த்தார். சிலவற்றை ஓரிரு தடவை, சிலவற்றை 20 தடவை வரை. எது அதிக தடவை வாய்க்குப் போனதோ அதுவே அதிகம் பிடித்துப்போனது. 1987-இல் இன்னொரு சோதனை: பார்த்தால் மட்டும் போதுமா? போதாது. கண்ணுக்குப் பழகிய பழம் கண்ணுக்குத்தான் பிடித்தது; நாக்குக்குப் பிடிக்க ருசி பார்த்தாக வேண்டியிருந்தது.

சிக்கலே இங்கேதான். பத்துப் பதினைந்து தடவை ருசி பார்க்க வேண்டும் சரி, தொடவே மாட்டேன் என்பவளிடம் முதல் தடவை எப்படி நடக்கும்?

வெண்டைக்காயின் காம்புப் பக்கத்தை வட்டமாக நறுக்கி, ஈரத்தோடு கன்னத்தில் வைத்துப் பாருங்கள், ஒட்டிக்கொள்ளும். நாம் எல்லோரும் சின்ன வயதில் நெற்றியில் பொட்டாக ஒட்டிக்கொண்டதுதான். ஒட்டவைப்பது அந்தக் கொழகொழப்பு. நீரை இழுத்து வைத்துக்கொள்ளும் நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள். மகள் ஒரு நாள் நெற்றி, மூக்கு, இரண்டு கன்னம் என்று ஐந்தாறு ஒட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். பிய்க்கும்போது நூல் நூலாக வந்ததைப் பார்த்து ஒரே சிரிப்பு. நாக்கில் அருவருப்பாக இருந்த வழவழப்பு விரலில் விளையாட்டுப் பொருளாகிவிட்டது. அடுத்து வாய்க்குப் போகும்போது அது புதுச் சங்கதி இல்லை. கை ஏற்கெனவே தகவல் சொல்லிவிட்டது.

இங்கிலாந்தில் ஹெலன் கூல்தார்டும் சக ஆய்வாளரும் 2017-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் 62 பேர். காய்கனிகளைக் கையில் எடுத்துப் படம் செய்து விளையாடியவர்கள், பிறகு அதிக வகைகளைத் துணிந்து ருசி பார்த்தார்கள். மற்றவர் செய்வதை வேடிக்கை மட்டும் பார்த்தவர்களும், உணவல்லாத பொருள்களோடு விளையாடியவர்களும் அந்த அளவு துணியவில்லை.

நம்மிடம் சொப்புச் சாமானும் கூட்டாஞ்சோறும் எப்போதோ இருந்தன. புடலங்காயை வளையமாக நறுக்கினால் வளையல். பீட்ரூட்டைப் பாதியாக வெட்டிப் பழைய பேப்பரில் அழுத்தினால் முத்திரை. நல்ல சட்டையைக் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள். சாப்பாட்டு நேரத்தில் வேண்டாம், பசியும் விளையாட்டும் சேர்ந்தால் ரகளைதான். காயைக் கழுவிக் கொடுங்கள். பச்சை கேரட் துண்டு சின்னப் பிள்ளைகளின் தொண்டையில் அடைக்கும், துருவியோ வேகவைத்தோ கொடுப்பது நல்லது.

காரியத்தைக் கெடுப்பவர்கள் பெரும்பாலும் நாம்தான். "ஒரு வாய் வாங்கிக்கோ, இல்லன்னா பூச்சாண்டி" வகை வற்புறுத்தல் எதிர்மாறாக வேலை செய்யும். 2006-இல் வெளியான ஒரு சூப் ஆய்வில், குடி குடி என்று நச்சரிக்கப்பட்ட குழந்தைகள் குறைவாகவே குடித்தார்கள், குறையும் சொன்னார்கள். காய் தின்றால் ஐஸ்கிரீம் என்பதும் மோசம்: காய் வரி, ஐஸ்கிரீம்தான் வரவு என்று பிள்ளை கணக்குப் போட்டுக்கொள்ளும். கணக்கு என்றதும் ஞாபகம் வருகிறது, வெண்டைக்காய் தின்றால் கணக்கு வரும் என்று எங்கள் அம்மா சொன்னதை நம்பி நான் கிலோக் கணக்கில் தின்றிருக்கிறேன். வரவில்லை. பருப்பு சாதத்தில் கேரட்டை மசித்து ஒளித்தால் சத்து உள்ளே போகும், பழக்கம் வராது. பிள்ளைக்கு அது பருப்பு சாதம்தான்.

எங்கள் வீட்டு தினசரி காலண்டரில், மகளின் நாக்கில் வெண்டைக்காய் பட்ட நாளுக்கெல்லாம் ஒரு புள்ளி வைக்கிறேன். துப்பினாலும் புள்ளி உண்டு. நேற்று ஒன்பதாவது. மென்றாள், யோசித்தாள், என் உள்ளங்கையில் துப்பினாள். அப்புறம் காம்பு வட்டம் ஒன்றை எடுத்து என் நெற்றியில் ஒட்டினாள்.