கமகத்தைப் பிழை என்று நினைக்கும் மென்பொருள்

பாடல் பதிவுக்கூடத்தில் ஒலிப்பொறியாளராக வேலை பார்க்கிறேன். புதிதாக இசையமைக்க வரும் பிள்ளைகள் மிக்ஸிங் நேரத்தில் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சார், ரிதம் ரொம்ப வெஸ்டர்னா இருக்கோ? நம்ம சாயலே இல்லாம போயிடுச்சோ?" 808 என்னும் ரிதம் பெட்டியின் கிக் டிரம் ஒலியைப் போட்டுவிட்டுத்தான் பெரும்பாலும் இப்படிக் கேட்பார்கள்.

அந்த 808 ஜப்பான்காரர்களுடையது. ரோலண்ட் நிறுவனம் 1980-இல் கொண்டுவந்த டிஆர்-808 என்ற ரிதம் பெட்டி. டோக்கியோவின் யெல்லோ மேஜிக் ஆர்கெஸ்ட்ரா என்ற இசைக்குழு அதை ஆரம்பத்திலேயே எடுத்துப் பயன்படுத்தியது. 1983-இல் தயாரிப்பு நின்றது. பழைய சரக்காக மலிவு விலைக்கு வந்ததை அமெரிக்க ஹிப் ஹாப் இளைஞர்கள் வாங்கித் தங்களுடையதாக்கிக் கொண்டார்கள். இடையில் 1982-இல், பம்பாய் சினிமா இசைக்குழுக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங், இதே பெட்டியை வைத்து டிஸ்கோ தாளத்தில் பத்து ராகங்களை வாசித்து ஒரு ஆல்பமே போட்டார். அன்றைக்கு அதை யாரும் சீந்தவில்லை. 2010-இல் மறுபடி வெளியானபோதுதான் உலகமே ஆச்சரியப்பட்டது. இதில் எது மேற்கு, எது கிழக்கு?

இன்னும் பின்னால் போனால் வயலின். சென்னைக் கோட்டையின் பிரிட்டிஷ் பேண்டு வாசித்த ஐரோப்பிய மெட்டுகளுக்கு முத்துசுவாமி தீட்சிதர் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டும் அதில் உண்டு. அவருடைய தம்பி பாலுசுவாமி வயலினைக் கற்றுக்கொண்டு கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தார். கர்நாடக இசை அதனால் கெட்டுப்போனது என்று இன்றைக்கு எந்த வித்வானும் சொல்ல மாட்டார். கொரியாவிலும் இதே கதைதான். கொரியப் போருக்குப் பிறகு அமெரிக்கப் படை முகாம்களில் கிட்டார் வாசித்துப் பிழைத்த ஷின் ஜூங்-ஹியூனைத்தான் அந்த நாட்டு ராக் இசைக்குத் தந்தை என்கிறார்கள். இன்றைய கே-பாப் மெட்டுகளில் பல, ஸ்வீடன், நார்வே இசையமைப்பாளர்கள் கைபட்டு வருபவை. எனக்கு அதில் மெட்டைவிடப் பாட்டைக் கட்டும் விதத்தில்தான் கொரியத்தனம் தெரிகிறது. அதற்கு வாக்குவாதம் செய்ய நிறைய பேர் இருக்கிறார்கள், விடுங்கள்.

ஆக, கருவியோ தாளமோ சுரக்கூட்டோ (chord) வெளியிலிருந்து வந்ததால் சொந்தச் சாயல் போனதில்லை. சரி, அப்படியானால் எங்கே போகிறது? என் அனுபவத்தில், பாட்டு பதிவாகி முடிந்த பிறகு, குரலைத் திருத்தும் மேஜையில் போகிறது.

மோகன ராகத்தைப் பாருங்கள். மத்தியமமும் நிஷாதமும் இல்லாத ஐந்து சுரம். மெய்ஜி காலத்தில் (1868–1912) மேற்கத்திய மேஜர் ஸ்கேலிலிருந்து நான்காவதையும் ஏழாவதையும் விட்டு ஜப்பானியர்கள் அமைத்துக்கொண்ட வரிசையும் அதே ஐந்து சுரம்தான். அதில் போட்ட பழைய ஜப்பானியப் பாட்டைக் கேட்டால் நமக்கு மோகனம் பாடுவதாகத் தோன்றாது. வித்தியாசம் முழுக்க ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் வழியில் இருக்கிறது. நமக்குக் கமகம், ஜப்பானின் எங்கா என்னும் பாட்டு வகைக்குக் கொபுஷி என்னும் குரல் வளைவு, டாங்டுட் என்னும் இந்தோனேசிய இசை வகையின் பாடகர்களுக்கு செங்கோக்.

குரலின் சுருதியைத் திருத்தும் ஆட்டோ-டியூன் மென்பொருள் 1997-இல் வந்தது. கண்டுபிடித்தவர் அதற்கு முன் எண்ணெய் தேடுவதற்காக நிலத்தடி அதிர்வு அலைகளை ஆராய்ந்துகொண்டிருந்தவர். அது செய்யும் வேலை எளிமையானது. பாடிய சுருதியை அளக்கும், நீங்கள் தேர்ந்தெடுத்த ஸ்கேலில் பக்கத்தில் இருக்கும் சுரத்துக்கு இழுத்துவிடும். எவ்வளவு வேகமாக இழுக்க வேண்டும் என்பதற்கு ரீட்யூன் ஸ்பீடு என்று ஒரு குமிழ். அதைப் பூஜ்யத்தில் வைத்தால் உடனே இழுக்கும். ஒரு சுரத்தில் நின்று பாடும் பாட்டுக்கு இது பரவாயில்லை.

ஆனால் தோடி ராகத்தின் காந்தாரம் நிற்பதே இல்லை. ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையே ஊசலாடுவதுதான் அந்த காந்தாரம். திரையில் அது அலை அலையாகத் தெரியும். வேகத் திருத்தம் போட்டதும் அந்த அலை ரி, க, ம என்று படிக்கட்டாக உடையும். மென்பொருளைக் குறை சொல்லிப் பயனில்லை, அதற்குத் தெரிந்தவரை மூன்று சுரத்தையும் சரியான இடத்தில் வைத்துவிட்டது. சுருதி சுத்தமாக இருக்கும், தோடி இருக்காது. ரிங்டோன் மாதிரி ஒரு குரல் மிஞ்சும்.

அதனால் முழு டிராக்குக்கும் ஒரே செட்டிங்கைப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். சுருதியைக் கோடாகக் காட்டும் வரைபட முறையில் திறந்து, வரி தொடங்கும் சுரம், வந்து இறங்கும் சுரம் ஆகியவற்றை மட்டும் கையால் சரிசெய்யுங்கள். அசைவைத் தொடாதீர்கள். அசைவே சரியில்லை என்றால் அந்த வரியை இன்னொரு டேக் பாடச் சொல்வதுதான் வழி, மவுஸால் கமகம் வரைய முடியாது.

சாயல் தொலையும் இடம் இதற்கும் முன்னால் இன்னொன்று இருக்கிறது. பலர் மெட்டைக் கீபோர்டில் வாசித்துப் பாடகருக்கு அனுப்பிவிடுகிறார்கள். சுரத்தை வளைக்கும் பிட்ச் பெண்ட் சக்கரத்தைத் தொடுவதுகூட இல்லை. பாடகர் அந்தப் படிக்கட்டை அப்படியே மனப்பாடம் செய்துகொண்டு வருவார். அப்புறம் மைக் முன்னால் நின்று "கொஞ்சம் ஃபீல் கொடுங்க" என்றால் எங்கிருந்து கொடுப்பார்? குரல் சுமாராக இருந்தாலும் நீங்களே முனகி அனுப்புங்கள்.

ரெஃபரன்ஸ் பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. "இந்த இங்கிலீஷ் பாட்டு மாதிரியே வேணும்" என்று தயாரிப்பாளர் கேட்டால் வேகம், ஒலியின் தன்மை, கருவிகளின் அடுக்கு இவற்றை அதிலிருந்து கற்றுக்கொள்ளலாம். மெட்டை எடுக்கக் கூடாது. எட்டு வினாடி வரை எடுக்கலாம், ஏழு சுரம் வரை பரவாயில்லை என்று ஸ்டூடியோக்களில் சொல்லிக்கொள்வதெல்லாம் கட்டுக்கதை. 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் அப்படி ஒரு கணக்கு கிடையாது. எடுத்தது மூலப் பாட்டின் முக்கியமான பகுதியா என்றுதான் நீதிமன்றம் பார்க்கும்.

பதிவு முடிந்ததும் திருத்தாத குரல் கோப்புகளைத் தனியாகக் கேட்டு வாங்கி வையுங்கள். இடம் அடைக்கிறது என்று பல கூடங்களில் அழித்துவிடுகிறார்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் நான்கு நிமிட மோனோ குரல் ஒன்று சுமார் 35 எம்பிதான் வரும். ரீமிக்ஸுக்கோ வேறு மொழிப் பதிப்புக்கோ யாராவது வந்து நிற்கும்போது, திருத்திய கோப்பிலிருந்து கமகத்தைத் திரும்ப எடுக்க எந்த மென்பொருளாலும் முடியாது.