வங்கிக்கு நம் பணம் கச்சாப்பொருள்

போன மாதம் யீஷூனிலிருந்து ஓர் அக்கா என்னைப் பார்க்க வந்திருந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை. உட்கார்ந்ததும் கேட்டார்: “நம்ம ஊர் வங்கியெல்லாம் நல்லா நடக்குதுன்னு பேப்பர்ல எழுதுறாங்க. என் காசும் அங்கதான் இருக்கு. அதுக்கு வட்டி மட்டும் ஏன் தம்பி ஏறவே மாட்டேங்குது?”

வங்கிக் கணக்குகளைத் தணிக்கை செய்தே பாதி ஆயுளைக் கழித்தவன் நான். இவ்வளவு நேராக யாரும் இதைக் கேட்டதில்லை.

வங்கியின் செயல்திறனை அளக்க ஆண்டறிக்கையில் ஓர் எண் இருக்கும்: செலவு-வருமான விகிதம். 100 வெள்ளி வருமானம் ஈட்ட எத்தனை வெள்ளி செலவானது என்று சொல்லும். குறையக் குறைய நல்லது என்பார்கள். சிங்கப்பூரின் டிபிஎஸ் வங்கிக்கு இது 2021இல் 45 சதவீதத்தை ஒட்டி இருந்தது. 2023இல் 40க்கு வந்துவிட்டது. இரண்டே ஆண்டில் அங்கே எல்லாரும் அவ்வளவு சுறுசுறுப்பாகிவிட்டார்களா என்ன?

அதே இரண்டு ஆண்டுகளில் அந்த வங்கியின் நிகர வட்டி விகிதம், அதாவது கடனுக்கு வாங்கும் வட்டிக்கும் வைப்புக்குக் கொடுக்கும் வட்டிக்கும் உள்ள இடைவெளி, 1.45 சதவீதத்திலிருந்து 2.15க்கு ஏறியது. 2022 மார்ச்சில் அமெரிக்க மத்திய வங்கி வட்டியை உயர்த்தத் தொடங்கியது. இங்கே வீட்டுக்கடன் வட்டியும் கூடவே ஏறியது. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வருமானம் 100, செலவு 45. அடுத்து வருமானம் 130, செலவு 52. செலவு 7 வெள்ளி கூடியிருக்கிறது, ஆனாலும் விகிதம் 40க்கு இறங்கிவிட்டது. காற்று பின்னாலிருந்து அடித்தால் எந்தப் படகும் வேகமாகத்தான் போகும். அந்த வங்கி மோசம் என்று சொல்லவில்லை, நன்றாகவே நடக்கிறது. ஓர் ஆண்டு எண்ணைப் பார்த்துத் திறமையை எடை போடாதீர்கள் என்கிறேன். வட்டி ஏறி இறங்கும் ஒரு முழுச் சுற்றையாவது பார்க்க வேண்டும்.

அந்தக் காலத்தில் மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில் (கடையும் தங்குமிடமும் சேர்ந்த கூடங்கள்) வட்டித்தொழில் செய்த செட்டியார்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. ஊரிலிருந்து வரும் ஏஜெண்டுக்குத் தவணை பொதுவாக மூன்று ஆண்டு. அது முடிந்து ஐந்தொகை (மொத்தக் கணக்கு) எடுத்த பிறகுதான் ஆள் கெட்டிக்காரனா இல்லையா என்ற பேச்சு. இன்று மூன்று மாதத்துக்கு ஒரு முறை கைதட்டுகிறோம்.

ஆய்வாளர்கள் இன்னும் நுணுக்கமாக அளப்பார்கள். ஒரு நிறுவனம் உள்ளே போடுவதையும் வெளியே எடுப்பதையும் மற்ற நிறுவனங்களோடு ஒப்பிடும் முறை 1978இலிருந்து இருக்கிறது. வங்கிகளை அதில் அளக்கும்போது ஒரு தீராத சண்டை: மக்களின் வைப்புத்தொகை வங்கியின் உற்பத்தியா, கச்சாப்பொருளா? கச்சாப்பொருள் என்று வைத்துக்கொள்ளும் அணி பெரியது. எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. மாவு மலிவாகக் கிடைத்தால் பரோட்டாக் கடைக்கு லாபம். நம் சேமிப்புதான் அந்த மாவு.

அக்காவிடம் 180,000 வெள்ளி இருந்தது. எல்லாம் சாதாரணச் சேமிப்புக் கணக்கில், ஆண்டுக்கு 0.05 சதவீதம். வருடம் முழுக்க 90 வெள்ளி. 2022 டிசம்பரில் ஆறு மாத அரசாங்க டி-பில், அதாவது அரசாங்கத்தின் குறுகிய காலக் கடன் பத்திரம், 4.4 சதவீதம் வரை போனது. அதே பணம் அதில் இருந்திருந்தால் ஆறே மாதத்தில் 3,900 வெள்ளிக்கு மேல். “அடப்பாவமே” என்றார். யாரும் ஏமாற்றவில்லை, அக்காதான் கேட்கவில்லை.

வட்டியைவிட என்னைத் திடுக்கிட வைத்தது வேறொன்று. பாதுகாப்புக்காகப் பாதியை பிஓஎஸ்பியிலும் பாதியை டிபிஎஸ்ஸிலும் போட்டிருந்தார். 1877இல் தொடங்கிய அஞ்சலகச் சேமிப்பு வங்கியை டிபிஎஸ் 1998இலேயே வாங்கிவிட்டது. பெயர்ப் பலகை இரண்டு, வங்கி ஒன்று. வங்கி விழுந்தால் நம் பணத்தைத் திருப்பித் தரும் வைப்புத்தொகைக் காப்புறுதி ஒருவருக்கு ஒரு வங்கியில் மொத்தம் 100,000 வெள்ளிதான் (2024 ஏப்ரலுக்கு முன் 75,000). ஆக 80,000 வெள்ளி காப்புறுதிக்கு வெளியே நின்றது. அந்த வங்கி நாளைக்கே விழப்போவதில்லை, அது வேறு. ஆனால் பாதுகாப்பாக இருக்கிறோம் என்று நினைத்துச் செய்த ஒன்று, பாதுகாப்பே தரவில்லை.

அந்தச் செலவு-வருமான விகிதத்தில் தெரியாத இன்னொன்றும் உண்டு. கணினிக்குச் செய்யும் செலவை வெட்டினாலும் அந்த எண் அழகாகத்தான் இருக்கும். சேவை அடிக்கடி முடங்கியதால் 2023இல் வங்கிகளை மேற்பார்க்கும் சிங்கப்பூர் நாணய ஆணையம் ஒரு பெரிய வங்கிக்கு, அத்தியாவசியமற்ற தொழில்நுட்ப மாற்றங்களை ஆறு மாதம் நிறுத்திவைக்கச் சொன்னது. அந்த ஆண்டும் லாபத்துக்குக் குறைவில்லை.

அக்கா போன வாரம் மறுபடி வந்தார். ஒரு பகுதியை வேறொரு வங்கிக்கு மாற்றிவிட்டார். இன்னொரு பகுதிக்குச் சிங்கப்பூர் சேமிப்புப் பத்திரம். 500 வெள்ளியிலிருந்து வாங்கலாம், எந்த மாதமும் முதலுக்குச் சேதமில்லாமல் திரும்ப எடுக்கலாம். 20,000 வெள்ளியை மட்டும் பழைய கணக்கிலேயே விட்டிருந்தார். ஏன் என்றேன்.

“புளோக்குக்குக் கீழேயே ஏடிஎம் இருக்கே தம்பி. இருக்கட்டும், அவங்களுக்கும் கொஞ்சம் மாவு வேணாமா?”